லைவ் ரொக்: உயிரேறிய கல்

கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்கள் 'லைவ் ரொக்' என்று சொல்வது, கடலில் கிடந்து, துளைக்குள்ளும் மேலேயும் உயிர்கள் குடியேறிய சுண்ணாம்புக் கல்லை. கல்லுக்கு உயிர் இல்லை. அது செத்துப்போன முருகையின் (பவள உயிரியின்) கூடு. உயிருள்ளவை அதில் ஒட்டியிருக்கும் பற்றீரியா, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி, கடற்பஞ்சு, குழாய்ப்புழு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் சிறு ஓட்டுயிர்கள்.

1961 இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், வடிகட்டிப் பெட்டி இல்லாமல் கடற்கல்லையும் காற்றுக்குமிழியையும் வைத்தே கடல்மீன் வளர்க்கும் முறையை எழுதினார். பின்னாளில் ஜேர்மனிக்காரர் அதோடு கடும் வெளிச்சத்தையும், நீரிலுள்ள கழிவை நுரையாக்கி அகற்றும் நுரை பிரிப்பானையும் சேர்த்தனர். அதுதான் 'பேர்லின் முறை'. அந்த முறையோடு சொல்லும் பரவியது. ஆங்கிலத்தில் இதற்கு மிக நெருங்கிய இன்னொரு பழைய வழக்கும் உண்டு, 'லிவிங் ரொக்': மண்ணோடு பிணைந்த, வெட்டி எடுக்கப்படாத தாய்ப்பாறை. குடைவரைக் கோயில்களைப் பற்றிய எழுத்தில் வருவது அது. தொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தமிழில் 'உயிர்ப்பாறை' என்று எழுதுகிறார்கள். பாறை என்றால் அசைக்க முடியாதது. தொட்டிக்குள் போவது கைப்பிடி அளவிலிருந்து தேங்காய் அளவு வரையிலான கல். கல்முனைச் சந்தையில் வாயால் கேட்டால் பாரை மீனையும் காட்டுவார்கள். 'உயிருள்ள முருகைக்கல்' என்பது அதைவிட மோசம். அது உயிரோடு இருக்கும் முருகையையே குறிக்கும். அப்படிக் கேட்டால் பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ யாராவது உடைத்துக்கொண்டு வரக்கூடும். ஆகவே 'உயிரேறிய கல்' என்பதே பொருத்தம். இன்னும் உயிரேறாததை 'உலர்கல்' எனலாம்.

உடைத்து வருவது சட்டப்படி குற்றம். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் தோண்டினார்கள். இலங்கையின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகையைத் தோண்டுவது, சேர்ப்பது, வைத்திருப்பது, ஏற்றிச்செல்வது, எரிப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. காயங்கேணி 2019 முதல் கடற் சரணாலயம். கரையொதுங்கிய துண்டுதானே என்ற சாட்டும் எடுபடாது. உலக வணிகத்திலும் இந்தக் கல் முருகைக் கணக்கில்தான் வருகிறது: அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில், கல்முருகை இனங்களோடு.

எனவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ தொட்டி வைப்பவருக்கு மிஞ்சும் வழி, உலர்கல்லை எடுத்து அதில் உயிரேற்றுவது.

கல்லைத் தெரிவுசெய்யும்போது நிறத்தைப் பார்க்க வேண்டாம், கையில் தூக்கிப் பாருங்கள். பருமனுக்குப் பாரம் குறைவாக இருந்தால் உள்ளே துளை அதிகம். வெளித்துளைகளில் வாழும் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். ஒட்சிசன் எட்டாத உட்துளைகளில் வேறு வகைப் பற்றீரியா அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும். துளையில்லாத கல்லில் இந்த இரண்டாவது வேலை நடக்காது. அம்பாறைப் பக்கக் கருங்கல் இதனால்தான் உதவாது: பாரமும் கூட, உள்ளே இடமும் இல்லை. லீற்றருக்கு 120 முதல் 180 கிராம் என்பது பழைய கணக்கு. அப்படியானால் 200 லீற்றர் தொட்டிக்கு 24 முதல் 36 கிலோ வேண்டும். நல்ல துளையுள்ள கல்லென்றால் அதில் பாதியே போதும். கூட அடுக்கினால் நீரோட்டம் தடைப்பட்டு, கல்லுக்குப் பின்னால் அழுக்குத் தேங்கும்.

சொந்தமாகச் செய்வதும் கடினமில்லை. சீமெந்து 1 பங்கு, கழுவிக் காயவைத்து இடித்த சிப்பி ஓடு 2 பங்கு, கல்லுப்பு 2 பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள், புட்டுக்கு மாக் குழைக்கும் பதம்தான். தண்ணீர் கூடினால் உப்பு முன்கூட்டியே கரைந்து துளை அடைபடும். ஈர மணலில் குழி தோண்டி வார்த்து, மூடி வையுங்கள். மூன்று நாளில் எடுக்கலாம். பிறகு நன்னீரில் ஊறவைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். உப்புக் கரைந்து போன இடமே துளை. புதிய சீமெந்து நீரின் pH அளவை 12 வரை ஏற்றும், அதாவது கடும் காரமாக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமை ஊறியபின், புது நீரில் ஒருநாள் வைத்து அளந்தால் 8.5க்குக் கீழே நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டியில் போட்டால் மீன் சாகும்.

கடையில் வாங்கிய உலர்கல்லில் தொல்லை பொசுபேற்று. வாளியில் ஒரு கிழமை ஊறவைத்து நீரைச் சோதியுங்கள். கூடுதலாகக் கசிந்தால் தொட்டியில் பச்சைப் பாசி மயிர்போல முளைக்கும். நீர் மாற்றி மாற்றி ஊறவைப்பதே பாதுகாப்பான மருந்து. ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்ப்பவர்களும் உண்டு. தண்ணீர் 10 பங்குக்கு அமிலம் 1 பங்கு, வெளியிடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டு. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். வெளிற்றும் நீர் இருந்த வாளியை அதற்கு எடுக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

உயிரேற்றுவதற்கு உப்பு லீற்றருக்கு 35 கிராம் அளவில், வெப்பம் 25 முதல் 27 பாகை. எங்கள் பக்கத்தில் சூடாக்கி தேவைப்படாது, நீர் மேல் காற்று வீச ஒரு மின்விசிறி வேண்டும். அதனால் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. கடல்நீர் அள்ளுபவர்கள் முகத்துவாரப் பக்கம் அள்ள வேண்டாம். வடகீழ்ப் பருவ மழையில் வாவி நீர் கடலில் இறங்கும்போது உப்பு குறைந்து, கழிவும் சேர்ந்து வரும். உப்புக் கரைக்கக் கிணற்று நீரும் வேண்டாம், சவ்வூடு வடித்த (RO) நீர் போதும்.

நன்றாக ஓடும் ஒரு தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு உயிரேறிய கல் கிடைத்தால் வித்துக்கு அது போதும். ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாலும் வழியில் சில உயிர்கள் சாகும். முகர்ந்தால் கடல் வாசம் வர வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் தனி வாளியில், இருட்டில், நீரோட்டத்தோடு மூன்று கிழமையாவது பதப்படுத்துங்கள். கண்ணாடி போன்ற சிறு கடற்சாமந்தி ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையே விடுங்கள். வெட்டினால் ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். இரவில் 'டிக்' என்று சத்தம் கேட்டால் உள்ளே இடிக்கும் வெட்டிறால் (மான்டிஸ் இறால்) இருக்கலாம், மீனையும் நத்தையையும் கொல்லும்.

பின்பு தொட்டியில் அமோனியாவை லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றுங்கள். ஒரே நாளில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டுமே பூச்சியமாக இறங்கினால் கல் வேலை செய்கிறது. அதன்பின் ஒரு பகுதி நீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம், ஒன்றை மட்டும். அடுத்ததற்கு இரண்டு கிழமையாவது பொறுங்கள். இளஞ்சிவப்புப் படலம் படர மாதங்கள் ஆகும். கல்சியம் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது படரத் தயங்கும்.