உடற்கல்வி: 'பி.டி.' பீரியடின் சரியான பெயர்

பள்ளிக்கூட நேர அட்டவணையில் வாரத்துக்கு ஒன்றிரண்டு கட்டங்களில் 'பி.டி.' என்று எழுதியிருக்கும். அதை நடத்துகிறவர் பி.டி. சார், சில ஊர்களில் பி.இ.டி. சார். என் அப்பா தலைமுறைக்கு அவர் டிரில் மாஸ்டர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு பி.ரி. சேர். அரசாணையில் மட்டும் 'உடற்கல்வி ஆசிரியர்'. அவருடைய வேலை என்னவென்று எந்தக் காலத்தில் எப்படி நினைத்தார்களோ, அந்த நினைப்பு அந்தந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'டிரில்' டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே 'டிரில்லன்' என்றால் துளையிடுவது, சுழற்றுவது. தச்சர் கையில் சுழலும் துளைக்கருவிக்கும் அதுதான் பெயர். சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சுழலவிட்டுப் பழக்குவதற்கும் அதுதான் பெயர். படையிலிருந்து அந்தச் சொல் பள்ளி மைதானத்துக்கு வந்தது. 'பி.டி.'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 'பிசிக்கல் டிரெயினிங்' என்பதன் சுருக்கம் அது. பிரிட்டன் தன் பள்ளிகளுக்காக 1919இலும் 1933இலும் வெளியிட்ட பாடத்திட்டங்களுக்கு அந்தத் தலைப்பே இருந்தது. ஆள்வோரின் சொல் நம் பள்ளிகளிலும் தங்கிவிட்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஏடுகளில் 'தேகாப்பியாசம்' என்று வரும். தேகம், அப்பியாசம் இரண்டும் சேர்ந்தது. தண்டாலும் பஸ்கியும் எடுத்த இடங்களில் 'கசரத்து' என்றார்கள். இது உருது வழியாக வந்த அரபுச் சொல். மூலப்பொருள் 'மிகுதி', 'பல தடவை'. பல தடவை செய்வதால் உடற்பயிற்சிக்கு அந்தப் பெயர் வந்தது. இங்கே எனக்குப் பெரிய சந்தோஷம் தந்த ஒரு பொருத்தம் இருக்கிறது. முயல் என்பதிலிருந்து முயற்சி வருவதுபோல, பயில் என்பதிலிருந்து பயிற்சி வருகிறது. பயிலுதல் என்றாலும் அடிக்கடி நிகழ்தல், நெருங்கி வருதல் என்ற பொருள் உண்டு. அரபு பேசியவரும் தமிழ் பேசியவரும் தனித்தனியே ஒரே எண்ணத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் உடற்பயிற்சி என்ற சொல்லே போதாதா? பள்ளிக்குப் போதாது. குனிந்து நிமிர்வதும், ஓடுவதும், தண்டால் எடுப்பதும் உடற்பயிற்சி. அது உடம்புக்குள் என்ன செய்கிறது, எவ்வளவு செய்யலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று பிள்ளை அறிந்துகொள்வது உடற்கல்வி. கல்வி என்பதன் அடிச்சொல் 'கல்'. கல்லுதல் என்றால் தோண்டுதல். கற்பதும் தோண்டுவதும் ஒரே வேர் என்று சொல்வோர் உண்டு. டிரிலும் துளைக்கிற சொல்தான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதில் துளைக்கிறவர் ஆசிரியர். கல்லுதலில் தோண்டுகிறவர் கற்கிற பிள்ளை.

ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் விரல்களை வைத்து நாடியைத் தேடச் சொன்னார் ஆசிரியை. கட்டைவிரலால் பார்க்காதே, அதற்கே ஒரு துடிப்பு உண்டு என்று ஒருத்தியின் கையைத் திருத்தி வைத்தார். விசில் அடித்ததும் 15 விநாடி எண்ணினார்கள். அவளுக்கு 21 வந்தது. நாலால் பெருக்கி 84 என்று மண்ணில் குச்சியால் எழுதினாள். அப்புறம் மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வந்து மறுபடி எண்ணினாள். 37. பெருக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நூத்தி நாப்பத்தெட்டு!" என்று கத்தினாள். அஞ்சு நிமிஷம் கழித்து எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார் என்றார் ஆசிரியை. அந்த இரண்டு சுற்று ஓட்டம் பயிற்சி. மண்ணில் எழுதிய கணக்கு கல்வி.

இந்த வேறுபாட்டை நம் ஊர் ரொம்ப நாளாக அறியும். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவரே. நூறு வருஷத்துக்கு மேலாக ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி இருந்தும், நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பி.டி. பீரியட் முழுவதும் கணக்குப் பாடத்துக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆங்கிலத்தில் இந்தப் பாடத்தை 'ஹெல்த் அண்ட் பிசிக்கல் எஜுகேஷன்' என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அதில் 'ஹெல்த்' என்ற பாதிக்கு வருவோம். இலங்கையில் பாடத்தின் பெயரே 'சுகாதாரமும் உடற்கல்வியும்'. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை எல்லாருக்கும் உண்டு. 10, 11இல் விருப்பப் பாடம். சுகத்துக்கு ஆதாரம் சுகாதாரம் என்பது அங்கே முழுப்பொருளில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் சுகாதாரம் என்றதும் சாக்கடையும் கொசு மருந்தும் நினைவுக்கு வருகின்றன. ஆரோக்கியம் என்றால் நோயின்மை. ரோகம் இல்லாத நிலை என்பதோடு அது நின்றுவிடுகிறது. தூக்கம், சாப்பாடு, மனசு, பூப்பெய்தும் வயதின் சந்தேகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'நலவாழ்வு' பொருத்தமாகப் படுகிறது. அரசுத் துறையின் பெயரிலேயே 'மக்கள் நல்வாழ்வு' இருப்பதால் காதுக்கும் புதிதில்லை. ஆக, பாடத்துக்கு 'நலவாழ்வும் உடற்கல்வியும்' என்பது என் தேர்வு. இலங்கையில் சுகாதாரத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடல் + கல்வி = உடற்கல்வி. வல்லினம் வருவதால் ல் ற் ஆகிறது. உடற்பயிற்சி, உடற்கூறு போல. பெயர்ப்பலகைகளில் 'உடல்கல்வி' என்று பார்க்கிறோம், அது பிழை. பிள்ளைகள் வாயில் பி.டி. சார் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் பாசம் இருக்கிறது. நேர அட்டவணையில் மட்டும் 'உடற்கல்வி' என்று எழுதலாம். ஆறே எழுத்து, கட்டத்துக்குள் சரியாக அடங்கும்.