சாவி கூடிப்போகவில்லை, அழுக்குதான் கூடிப்போச்சு

இந்த மாதம் இவர் நான்காவது ஆள். கடிகாரத்தைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு அதே வசனம்: "சாவி அதிகமா கொடுத்துட்டோம் போல சார், நின்னுபோச்சு." அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் காது புளித்துவிட்டது.

வந்தது ஒரு காட்டேஜ் கடிகாரம். ஒரு அடி உயர மரப்பெட்டி, கதவின் கீழ்க் கண்ணாடியில் உட்புறமாகத் தீட்டிய பூ, முழுச் சாவிக்கு முப்பது மணி நேர ஓட்டம்.

ஸ்பிரிங்கை அது நிற்கும் இடம் வரை சுற்றத்தான் வேண்டும். அதற்குமேல் சாவி திரும்பாது, அவ்வளவே. முழுதாகச் சுற்றியும் ஓடவில்லையா? பழைய எண்ணெய் பிசினாகி ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைத்திருக்கும். அல்லது அச்சு முனை சுழலும் பித்தளைத் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். தினமும் சாவி கொடுக்கும் கடிகாரம் என்றைக்கு நின்றாலும், கடைசியாக அதைத் தொட்டது சாவிதானே? பழி அதன்மேல் விழுந்துவிடுகிறது. பயந்துபோய்ப் பாதிச் சாவி கொடுப்பவர்கள் தனிக் கூட்டம். அது நடுராத்திரியில் நிற்கும், மறுபடி என்னிடம் வரும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சாவிப் பல்சக்கரம் பின்னால் சுழலாமல் பிடித்திருக்கும் சின்ன நாக்கு, நாங்கள் கிளிக் என்போம். அது வழுக்கினால் ஸ்பிரிங் ஒரே நொடியில் அவிழ்ந்து விரலைப் பதம் பார்க்கும், பற்களையும் உடைக்கும். சாவி கொடுக்கும்போது 'டக் டக்' சத்தம் தடுமாறினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், முதுகுப் பலகையில் ஒட்டிய பழுப்புத் தாள். "அசிங்கமா இருக்கு, சுரண்டிடலாமா?" என்றார். ஐயா, அதுதான் அதன் ஜாதகம்! தயாரித்தவர் பெயரும் ஊரும் அதில்தான்: சான்சி ஜெரோம், நியூ ஹேவன் என்றிருந்தது. 1842-இல் இங்கிலாந்துக்குப் பித்தளைக் கடிகாரங்களை அனுப்பியவர். இவ்வளவு மலிவாக இருக்க முடியாது, விலையைக் குறைத்துக் காட்டுகிறார் என்று சுங்க அதிகாரிகள் சரக்கைப் பிடித்து, பில் விலையோடு 10 சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். மனுஷன் சந்தோஷமாக அடுத்த சரக்கையும் அனுப்பினார். 1845-இல் இதே கனெக்டிகட்டின் பிரிஸ்டல் ஊரில் இருந்த அவர் தொழிற்சாலை எரிந்தது, வேலை நியூ ஹேவனுக்கு மாறியது. சர்க்கஸ் புகழ் பார்னமின் கடிகாரக் கம்பெனியோடு இணைந்தபின் எல்லாம் திவால். இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். ஜெரோம் 1868-இல் ஏழையாகவே இறந்தார். தொழிற்சாலையை எடுத்துக்கொண்ட நியூ ஹேவன் கிளாக் கம்பெனி அவர் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தியதால், பெயரை மட்டும் பார்த்து வயது சொல்லும் வியாபாரியை நம்பாதீர்கள்.

துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். அடித்த அன்று ஓடும், பிறகு அழுக்கைப் பிடித்து வைத்து அரைக்கும். கண்ணாடி ஓவியத்தில் ஈரத்துணி படவே கூடாது, பெயிண்ட் செதிலாக உரிந்து வந்துவிடும். தூக்கிச் செல்லுமுன் பெண்டுலத்தைக் கழற்றுங்கள். மரத்துக்குப் புது வார்னிஷ் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரித்து, கழுவி, மூன்று துளைகளுக்குப் புது பித்தளை வளையம் போட்டுக் கொடுத்தேன். சாவியைக் கையில் வாங்கியவர் தயங்கினார்.

"எத்தனை சுத்து சார்?"

"நிக்கிற வரைக்கும்."


பத்தாவது சுற்றிலேயே கையை எடுத்துவிட்டார்.