முதுகில் முட்டை சுமக்கும் அப்பா

தண்ணீர் நிற்கும் வயலிலோ குளத்து ஓரத்திலோ வலைத்துணியை விட்டு அலசினால், முதுகு நிறைய முட்டை ஒட்டிய தட்டையான பழுப்புப் பூச்சி சில சமயம் மாட்டும். டிப்ளோனிகஸ் என்ற நீர்ப்பூச்சி அது. பார்த்ததும் தாய் என்றுதான் தோன்றும். பூச்சியியலாளர்களே நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். சுமப்பது ஆண் என்பதை 1899-இல் ஃப்ளாரன்ஸ் ஸ்லேட்டர் தெளிவாக்கினார்.

அப்பாவுக்கு ஏன் இந்தப் பாரம்? அரிசோனா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மித் தந்த விளக்கம் முட்டையின் அளவிலிருந்து தொடங்குகிறது. இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் தவளை, மீன் வரை வேட்டையாடுபவை. உடல் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் குஞ்சு ஐந்தே முறைதான் தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஓரளவுதான் வளர முடியும் என்பதால், பிறக்கும்போதே பெரிதாகப் பிறப்பதுதான் வழி. அதற்குப் பெரிய முட்டை வேண்டும்.

சிக்கல் அங்கேதான். முட்டையின் நீளமும் அகலமும் இரு மடங்கானால் மேற்பரப்பு 4 மடங்காகும். உள்ளிருக்கும் உயிர்ப்பொருளோ 8 மடங்காகும். மூச்சு மேற்பரப்பு வழியாகத்தான். அதோடு, ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆகவே பெரிய முட்டை நீருக்குள் கிடந்தால் மூச்சுத் திணறிச் சாகும். சரி, வெளியே இட்டால்? காய்ந்துபோகும்.

இதே குடும்பத்து லெத்தோசெரஸ் இனங்களில் பெண், நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் முட்டையிடுகிறது. ஆண் திரும்பத் திரும்ப ஏறிவந்து அவற்றை நனைக்கிறது. டிப்ளோனிகஸ் போன்றவற்றில் அந்தத் தண்டின் இடத்தை அப்பாவின் முதுகே பிடித்துக்கொண்டது. அது நீர்மட்டத்துக்கு வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்டுகிறது. நீருக்குள் இருக்கும்போது உடலை மேலும் கீழும் ஆட்டிப் புது நீரைப் பாய்ச்சுகிறது. முட்டைகள் இறக்கைமேல் ஒட்டியிருப்பதால் பொரியும்வரை பறக்கவும் முடியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ஆட்டம்தான்: ஒரு பூச்சி, தன் பிள்ளைகளுக்காக மூச்சு இறைக்கிறது.

இவ்வளவு பாடும் அடுத்தவன் பிள்ளைக்காக என்றால் வீண். அதனால் சில முட்டைகளை ஏற்றுக்கொண்டதும் ஆண் நிறுத்திவிட்டு மறுபடி இணைசேரும். அப்புறம்தான் அடுத்த சில முட்டைகள். அபீடஸ் என்ற அமெரிக்க நீர்ப்பூச்சியின் ஒரு ஜோடி 36 மணி நேரத்தில் 100 முறைக்கு மேல் இணைசேர்ந்ததை ஸ்மித் பதிவுசெய்தார்.