ஆடு தின்றால் முயலும் தின்னலாமா?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். பால் மறந்து சில வாரங்களே ஆன முயல் குட்டிகள். முதுகிலும் காலிலும் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. சொறி என்று தானே முடிவுகட்டி, களிம்பு தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். பக்கும் இல்லை, அரிப்பும் இல்லை. தீவனம் என்ன என்று கேட்டேன். "சூபாபுல் தழைதான் டாக்டர். ஆடெல்லாம் அதைத்தானே தின்னு கொழுக்குது?"

இந்த 'ஆடு தின்கிறதே'யை எத்தனை முறைதான் கேட்பது! ஆட்டின் வயிறு வேறு, முயலின் வயிறு வேறு. சூபாபுல் என்ற தீவன மரத்தின் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, முடியை உதிரவைப்பது அதுதான். ஆடு விழுங்கியது முதலில் பெரிய இரைப்பையில் தங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களிடம் சிக்கிச் சிதைந்த பிறகே குடலுக்குப் போகிறது. முயலுக்கும் நுண்ணுயிர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை குடியிருக்கும் சீக்கம் என்ற பை, சிறுகுடலைத் தாண்டி இருக்கிறது. தழை அங்கே போய்ச் சேருவதற்குள் நச்சைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். சீக்கத்திலிருந்து வரும் மெத்தென்ற புழுக்கையை, அதாவது மென்புழுக்கையை, தானே தின்பதால் முயல் அசைபோடும் பிராணி ஆகிவிடாது. அவ்வளவு ஏன், ஆடுமாடுகளிலேயே சிலவற்றுக்குச் சூபாபுல் ஒத்துக்கொள்வதில்லை. ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இருந்த நுண்ணுயிரை 1980களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்ப் புகட்டிய பிறகுதான் அங்குள்ள மாடுகள் அதைத் தொல்லையில்லாமல் மேய்ந்தன.

அடுத்தது, 'புரதம் கூடினால் எடை கூடும்'. வளரும் குட்டிக்குத் தீவனத்தில் 16 சதவீதம் புரதம் போதும். நார் 14 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கொழுந்தும் அடர்தீவனமுமாகப் போட்டால் மிச்சப் புரதம் சீக்கத்தில் வேண்டாத கிருமிகளுக்குத் தீனியாகும். அப்புறம் வயிறு உப்பும், கழியும். கூண்டுக்கு அடியில் மென்புழுக்கை தின்னப்படாமல் கிடக்கிறதா என்று காலையில் குனிந்து பாருங்கள். கிடந்தால் அன்றைக்கே தழையைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள்.

பயறுவகைத் தழையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முயல் மசால், வேலிமசால், தட்டைப்பயறு எல்லாம் புல்லோடு கலந்து கொடுக்க அருமையானவை. சூபாபுலை மட்டும், காய்ந்த எடையில் மொத்தத் தீவனத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. சினை முயலுக்கு அதுவும் கிடையாது. கொழுந்திலும் விதையிலும்தான் நச்சு அதிகம், முற்றிய இலையாகப் பறியுங்கள். வெயிலில் காயவைத்தால் நச்சு ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. அதனால் 'காயவைத்துத்தானே போட்டேன்' என்று என்னிடம் வாதாட வேண்டாம்.

எந்தத் தழையானாலும் புதிதாக ஆரம்பிக்கும்போது ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பால் மறக்கவைத்த அன்றே தீவனத்தையும் மாற்றுவது கொடுமை, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குவித்து வைத்துச் சூடேறிய தழையும் பூஞ்சை பூத்த தழையும் குப்பைக்கு. கிளைரிசிடியா மரத்தின் தழை என்றால் இன்னும் கவனம்: மத்திய அமெரிக்காவில் அதன் இலையையும் பட்டையையும் நொதிக்கவைத்து எலி கொல்கிறார்கள்.

முடி கொட்டிய குட்டிகளுக்குச் சூபாபுலை நிறுத்தினால் பெரும்பாலும் முடி திரும்ப முளைக்கும். முளைக்காவிட்டால் கூட்டி வாருங்கள். வரும்போது தட்டில் போடும் தழையிலும் ஒரு கைப்பிடி எடுத்து வாருங்கள்.