டெஸ்டரில் சத்தம் வந்தது, சரி, அப்புறம்?

“கடையில டெஸ்டர் வெச்சுக் காட்டினாங்க சார். பீப்னு சத்தம் வந்துச்சு. அப்புறம் எப்படிக் கல் கெட்டுப்போகும்?”

வைரம் பரிசோதிக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இது பழகிப்போன கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்லித்தான் வந்திருக்கிறேன். ஆனால் போன வாரம் வந்த கேஸில் ஒரு பத்தர் மீது திருட்டுப் பழியே விழுந்திருந்தது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். ஒரு அம்மாவின் ஒற்றைக்கல் வைரத்தோட்டில் திருகாணித் தண்டு ஆட்டம் கண்டிருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் பத்தரிடமே கொடுத்திருக்கிறார். அவரும் நெருப்பிலிருந்து காக்கக் கல்லின் மேல் போரிக் பூசி, பொடி (பற்றவைக்கும் உலோகம்) வைத்து நெருப்பை ஊதி, தண்டைச் சரிசெய்துவிட்டார். நல்ல வைரம் இந்தச் சூட்டைத் தாங்கும் என்பது எல்லாப் பத்தருக்கும் தெரியும். ஆனால் மெருகு போட்டு எடுத்துப் பார்த்தால் கல்லின் நடுவே வெள்ளையாக ஒரு விரிசல். “எங்க கல்லை மாத்திட்டீங்க பத்தரே” என்று மகன் சண்டைக்குப் போக, மூன்று பேருமாக என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பத்தர் அதற்குள் மனம் தளர்ந்து, “எனக்கு இந்த வம்பு வேண்டாம் சார், கல்லுக்கு உண்டானதைத் தவணையில கட்டிடறேன்” என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்.

மூவரின் சம்மதத்தோடு கல்லைக் கழற்றி எடை போட்டேன். பில்லில் இருந்த அதே எடை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், விரிசல் மேல்பரப்பைத் தொடும் இடத்தில் கண்ணாடிபோல் மிகச் சிறிய உருண்டைகள் வெளியே கசிந்து நின்றன. விரிசலுக்குள் குமிழிகளும், ஆங்காங்கே விட்டுப்போன படலமும் தெரிந்தன. அடுத்து, சூடே படாத ஜோடித் தோட்டை வாங்கினேன். இருட்டுப் பின்னணியில் கல்லை மெல்ல அசைத்ததும் ஒரு கோட்டில் ஆரஞ்சு நிறம் மின்னியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அதே கோடு நீலமாக மின்னியது. அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. இரண்டு கல்லுமே விரிசல் நிரப்பிய கற்கள். பத்தர் எதையும் மாற்றவில்லை. அவர் ஊதிய நெருப்பில் வெளியே வந்தது கடைக்காரர் வாய் திறந்து சொல்லாத சங்கதி.

விரிசல் நிரப்புவது புதிய வித்தை அல்ல. 1980களில் இஸ்ரேலின் ராமத் கான் நகரில் ஸ்வி யெஹூதா என்பவர் இதைத் தொழிலாகவே கொண்டுவந்தார். மேல்பரப்பு வரை வரும் விரிசலுக்குள், வைரத்தைப் போலவே ஒளியை வளைக்கும் ஈயம் கலந்த கண்ணாடியைச் செலுத்துவார்கள். விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். விரிசல் விட்ட சுவருக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது மாதிரிதான்: சுவர் பளிச்சென்று இருக்கும், விரிசல் உள்ளே அப்படியே இருக்கும். பத்தரின் நெருப்பு, அமிலம், நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி என்று எதில் வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடி கெடலாம். நிலையாக நிற்காத சமாசாரம் என்பதால்தான் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) லேப் இப்படிப்பட்ட கல்லுக்குத் தரச் சான்றிதழே கொடுப்பதில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிரப்பிய வைரத்தை விற்பதை நான் குறை சொல்லவில்லை. “இது நிரப்பிய கல், அதனால்தான் இந்த விலை, நெருப்பில் காட்டாதீர்கள்” என்று சொல்லி விற்றால் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். சொல்லாமல், விவிஎஸ் (மாசு மிக மிகக் குறைந்த உயர்தரக் கல்) விலைக்கு விற்பதற்கு வேறு பெயர்.

இப்போது அந்த டெஸ்டருக்கு வருவோம். எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அதுதான்.

பேனா போல இருக்கும் அந்தக் கருவி கல்லின் வழியாக வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. வைரம் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். அதனால் சத்தம் வருகிறது. அவ்வளவுதான். விரிசல் விட்ட வைரமும் வைரம்தான், சத்தம் வரும். நிரப்பிய வைரத்துக்கும் வரும். லேசரால் துளைத்த வைரத்துக்கும் வரும். லேபில் வளர்த்த வைரத்துக்கும் வரும். வெப்பத்தை மட்டும் பார்க்கும் சாதாரண டெஸ்டராக இருந்தால், வைரமே இல்லாத, வைரம்போல் தெரியும் மொய்சனைட் என்ற கல்லுக்கும் வரும்! கடைக்காரர் டெஸ்டரை எடுத்துக் காட்டினால் அவர் நிரூபித்தது, விற்பது சிர்கோனியா என்ற போலிக் கல் இல்லை என்பதை மட்டும்தான். நீங்கள் கேட்டதோ கல்லின் சுத்தத்தைப் பற்றி.

யூடியூப் பார்த்துவிட்டு வருபவர்கள் இன்னொரு ரகம். ஊதினால் ஆவி படியவில்லை, பேப்பரில் வைத்தால் எழுத்து தெரியவில்லை, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிட்டது என்பார்கள். தண்ணீரில் மூழ்காத நகைக்கல்லைக் கையோடு கொண்டுவந்து காட்டினால் நானே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

“ஹால்மார்க் இருக்கே” என்பதும் அடிக்கடி வரும் சமாதானம். ஹால்மார்க் முத்திரையும் அதோடு வரும் ஆறு இலக்க எச்யுஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டும். அதில் பதித்த கல்லுக்கு அந்த முத்திரை எந்த உத்தரவாதமும் தரவில்லை.

சரி, சுத்தம் என்றால் என்ன? ஜிஐஏ 1950களில் வகுத்த அளவுகோலில் பதினொரு படிகள். மாசே இல்லாத எஃப்எல், உள்ளே மாசில்லாத ஐஎஃப், அப்புறம் மாசு படிப்படியாகக் கூடும் விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ ஆகியவற்றில் இரண்டிரண்டு, கடைசியில் மாசு அதிகமான ஐ1 முதல் ஐ3 வரை. இவை எல்லாமே பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லும் தரம். வெறும் கண்ணால் பார்த்தால் விவிஎஸ் கல்லும், விஎஸ் கல்லும், பெரும்பாலான எஸ்ஐ1 கற்களும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே “பாருங்க, ஒரு புள்ளியாவது தெரியுதா?” என்று கடைக்காரர் கையில் கொடுத்தால், உங்களுக்குத் தெரியாததால் அது விவிஎஸ் ஆகிவிடாது. எஸ்ஐ1 வாங்குவதில் கேவலமும் ஒன்றுமில்லை. கை வைக்காத எஸ்ஐ1 கல் தலைமுறைக்கும் வரும், சந்தேகமே வேண்டாம்.

நம் ஊரில் இதற்குக் கேட்பார் குறைவு. எல்லாருக்கும் விவிஎஸ் வேண்டும், அதைவிட முக்கியமாகக் கரும்புள்ளி இருக்கவே கூடாது. இது நேற்று வந்த பயம் அல்ல. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களைச் சிலப்பதிகாரமே வரிசைப்படுத்துகிறது. உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் இந்தப் பயத்துக்கென்றே ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது என்பது தெரியுமா? கரும்புள்ளி வரை லேசரால் முடியைவிட மெல்லிய துளை போட்டு, அதன் வழியாக அமிலத்தை விட்டுப் புள்ளியைக் கரைத்துவிடுவார்கள், அல்லது வெளுக்க வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கல் பளிங்காக இருக்கும். பக்கவாட்டில் திருப்பி லூப்பில் (கையில் பிடிக்கும் சிறு உருப்பெருக்கி) பார்த்தால் உள்ளே வெள்ளை நூல் ஒன்று நேராக இறங்கியிருக்கும். இன்னொரு முறையில் வெளியிலிருந்து துளையே போடுவதில்லை. உள்ளேயே விரிசலை மேல்பரப்பு வரை நீட்டி அதன் வழியாக அமிலம் போகும். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கே மைக்ரோஸ்கோப் வேண்டும். (லேசர் என்றதும் பயப்பட வேண்டாம். சூரத்தில் கச்சா வைரத்தை அறுப்பதற்கும் லேசர்தான். அது வேறு வேலை.)

லேசர் துளை நிரந்தரமானது, கல் நெருப்புக்கும் கெடாது. லேபும் தரம் போட்டுக் கொடுக்கும், ஆனால் துளைத்த விஷயத்தைச் சான்றிதழில் குறிப்பிட்டுவிடும். கரும்புள்ளியைத் தோஷம் என்று ஒதுக்கிவிட்டு, அதே புள்ளியை அமிலத்தில் கரைத்த கல்லைக் கூடுதல் விலைக்கு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வது என்றே தெரிவதில்லை.

பூச்சுப் பூசுவதும், அதிக வெப்ப அழுத்தத்தில் நிறத்தை மாற்றுவதும் நிறம் சம்பந்தப்பட்டவை, இன்றைக்கு வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கல்லைத் தங்கத்தில் பதிப்பதற்கு முன்னால் பாருங்கள். கல்லைப் பிடிக்கும் கம்பிக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசலை நானும் பார்க்க முடியாது. பதித்த நகைக்கு லேப் கொடுக்கும் சான்றிதழில் ‘கல் பதித்திருக்கும் விதம் அனுமதிக்கும் அளவுக்குப் பார்த்துச் சொன்னது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள். ஏழுகல் தோடு மாதிரி சிறு கற்கள் என்றால் கல்லுக்குக் கல் சான்றிதழ் கிடைக்காது. அப்போது பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி.

தனிக்கல்லுக்குச் சான்றிதழ் இருக்கிறது என்றால் அதன் எண்ணை அந்த லேபின் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கடைக்காரர் போனில் காட்டுவது போதாது. கல்லின் இடுப்பில் (சுற்று விளிம்பில்) பொறித்த எண் சரியாக இருந்தாலும் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு கல்லின் எண்ணைப் பொறித்து வந்த கற்கள் ஜிஐஏ லேபிலேயே பிடிபட்டிருக்கின்றன. எடை, மில்லிமீட்டர் அளவுகள், சான்றிதழில் வரைந்து காட்டிய மாசுகளின் இடம் எல்லாம் கையிலிருக்கும் கல்லோடு பொருந்த வேண்டும். குறிப்புப் பகுதியில் லேசர் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பில்லில் நான்கு விஷயம் வேண்டும்: எடை, சுத்தத்தின் தரம், சான்றிதழ் எண், ‘விரிசல் நிரப்பப்படவில்லை, லேசரால் துளைக்கப்படவில்லை’ என்ற வாசகம். கடைசி வாசகத்தை எழுதக் கடைக்காரர் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேசப்போவது அந்தத் தாள்தான். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

வைரம் நமக்குச் சேருமா என்று மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. கடைகளும் நம்பிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வைத்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் சொல்லிவிட்டு, அந்த மூன்று நாளில் ஒரு நாள் கல்லை ஒரு லேபுக்கும் கொண்டுபோங்கள். கடைக்காரர் மறுத்தால் அதிலும் ஒரு விடை இருக்கிறது.

பத்தர்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிப்பேருக்கு வரும் வைரத்தை நெருப்பில் காட்டுவதற்கு முன்னால் லூப்பில் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கல்லை அசைக்கும்போது ஒரே கோட்டில் ஆரஞ்சும் நீலமும் மாறி மாறி மின்னினால் வேலையை நிறுத்திவிட்டு, கல்லின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள். கல்லைக் கழற்றிவிட்டு ஊத அவர் சம்மதித்தால், எடையைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.