நிலவறைக்கு வெளிவாசல்: சுவருக்குப் பின்னால் சேரும் நீரின் கணக்கு

வேலூர் கொசப்பேட்டையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டனார் கட்டிய வீட்டில் ஒரு நிலவறை இருக்கிறது. கூடத்துத் தரையில் உள்ள பலகைக் கதவைத் தூக்கி, செங்குத்தான ஏணி வழியாகத்தான் அதற்குள் இறங்க வேண்டும். மூட்டைகளை ஏற்றி இறக்க வசதியாகப் பக்கத்துச் சந்திலிருந்து படிக்கட்டும் கதவும் அமைக்கலாமா, சுவரை உடைத்தால் மேலே இருக்கும் வீடு தாங்குமா என்பது அவருடைய கேள்வி.

அமைக்கலாம். மேலிருந்து வரும் எடையைப் பற்றிய அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் இத்தகைய வேலைகளில் பெரிய ஆபத்து பக்கவாட்டிலிருந்து வருகிறது என்பதால், எடை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்கிறேன். செங்கற்கள் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டப்பட்டிருப்பதால், சுவரில் ஒரு திறப்பை வெட்டும்போது எடையின் பெரும்பகுதி இருபுறமும் விலகி இறங்கிவிடுகிறது. திறப்புக்கு நேர் மேலே முக்கோண வடிவில் உள்ள பகுதி மட்டுமே லிண்டலின் (திறப்பின் மேல் குறுக்கே பதிக்கும் விட்டத்தின்) மீது அமர்கிறது. ஆகவே மேலே முட்டுக் கொடுத்து, முதலில் லிண்டலைப் பதித்து, அது இறுகிய பிறகே கீழே உடைக்க வேண்டும். மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்திரம் ஒன்றின் முனை அந்த இடத்தில் சுவர்மேல் அமர்ந்திருந்தால், அதன் சுமை முழுவதும் லிண்டலுக்கே வந்து சேரும் என்பதால் கதவைச் சற்றுத் தள்ளி வைப்பதே நல்லது.

இனி குழிக்கு வருவோம். நிலவறையின் தரை தெருமட்டத்திலிருந்து 2.5 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொண்டால், படிக்கட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 3.5 மீட்டர் நீளமும், கதவுக்கு முன்னால் நின்று திரும்ப இன்னும் ஒரு மீட்டரும் தேவைப்படும். வீட்டுச் சுவரை ஒட்டி இந்தக் குழியைத் தோண்டியதும், அதன் மறுபக்கத்தில் மண்ணைத் தாங்கிப் பிடிக்க ஒரு புதிய சுவர் எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சுவரின் மீது மண் எவ்வளவு விசையுடன் சாய்கிறது என்பதே இந்த வேலையின் உயிர்நாடி.

இதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கிட்டவர்களுள் ஒருவர், பள்ளியில் மின்னூட்டங்களின் விதியோடு நாம் படித்த அதே கூலூம். அவர் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர். மார்டினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த ஆய்வுரை 1776இல் அச்சானது. சுவர் சிறிது விலகினால் அதன் பின்னால் உள்ள மண் முழுவதும் சரிவதில்லை, ஓர் ஆப்பு வடிவத் துண்டு மட்டுமே சாய்தளத்தில் நழுவி வருகிறது என்பது அவர் கண்டது. மணற்பாங்கான மண்ணில் அந்தச் சாய்தளம் கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 60 பாகையில் இருக்கும், 2.5 மீட்டர் ஆழக் குழியில் ஆப்பின் மேற்பரப்பு அகலம் சுமார் 1.4 மீட்டர். குழியின் விளிம்பிலிருந்து அந்த அகலத்துக்குள் நிறுத்தப்படும் ஆட்டோவும், அடுக்கப்படும் செங்கல்லும், வைக்கப்படும் தண்ணீர்த் தொட்டியும் சுவரைத் தள்ளுவதில் பங்கேற்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைச் செய்தி.

நழுவ முயலும் மண்ணைத் தடுப்பது மணல்மணிகளுக்கு இடையிலான உராய்வு. லாரியிலிருந்து கொட்டிய மணல் தெருவில் தானே குவியலாக நிற்பதும் இந்த உராய்வினால்தான். ஓர் ஆழத்தில் மண்ணின் எடை கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறதோ, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பக்கவாட்டில் சுவருக்கு வந்து சேர்கிறது. மீதியை உராய்வு விழுங்கிவிடுகிறது. ஒரு கனமீட்டர் மண் 1.8 டன் எடை எனக் கொண்டால், 2.5 மீட்டர் ஆழத்தில் பக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு 1.5 டன். அழுத்தம் மேலே சுழியத்தில் தொடங்கி ஆழத்தோடு சீராக ஏறுவதால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் கிடைக்கும் மொத்த விசை ஏறக்குறைய 1.9 டன் ஆகிறது. ஆழத்தை இரட்டித்தால் இந்த மொத்தம் நான்கு மடங்காகும்.

இப்போது மழை பெய்து, அந்த மண்ணின் இடைவெளிகளில் நீர் நிறைந்து நின்றுவிட்டது என வைத்துக்கொள்வோம். நின்ற நீருக்கு உராய்வு என்பதே கிடையாது. கீழ்நோக்கி எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவு பக்கவாட்டிலும் அழுத்தும். மூழ்கிய மண்மணிகள் மிதப்பு விசையால் எடை குறைவதால், மண்ணின் பங்கு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.8 டன்னாக இறங்குகிறது. ஆனால் நீர் மட்டும் தனியாக 3.1 டன்னைக் கொண்டுவருகிறது. ஈரமில்லாத நாளில் 1.9 டன்னைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர், ஒரு மழை இரவில் 3.9 டன்னைத் தாங்க வேண்டியதாகிறது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது, இவ்வளவு விசைக்கு அதிக நீர் தேவையில்லை என்பது. நீரழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. நீரின் பரப்பையோ கொள்ளளவையோ பொறுத்ததன்று. வேலூர்க் கோட்டையின் அகழியில் 2.5 மீட்டர் ஆழத்தில் கோட்டைச் சுவரின் மீது சதுர மீட்டருக்கு எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, உங்கள் புதிய சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரற்கடை அகலமுள்ள இடுக்கில் அதே உயரத்துக்குச் சில குடம் நீர் தேங்கினாலும் அங்கே அதே அழுத்தம்தான் இருக்கும். அகழியின் பேரளவு நீரும் இடுக்கின் சிறு நீரும் சுவருக்கு ஒன்றே. சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட, அந்தச் சில குடம் நீரைத் தேங்கவிடாமல் செய்வதே அறிவுடைமை என்பது இதனால் தெளிவாகிறது.

அதற்கான வழி மலிவானது. சுவரின் பின்னால் மண்ணை நேரடியாகக் கொட்டாமல், ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண்துகள்கள் ஜல்லிக்குள் புகாதபடி வடிகட்டும் துணி விரித்து, அடியில் துளையிட்ட பிவிசி குழாய் பதிக்க வேண்டும். சுவரிலும் வரிசையாக நீர்வடி துளைகள் விட வேண்டும். இவற்றின் வழியே வரும் நீரும், குழிக்குள் நேரே விழும் மழையும், கதவுக்கு முன்னுள்ள சிறு தொட்டியில் சேர்ந்து மோட்டாரால் வெளியேற்றப்பட வேண்டும். நான்கு சதுர மீட்டர் குழியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் மட்டுமே விழும். ஆனால் சந்தில் ஓடும் நீர் உள்ளே புகுந்தால் இந்தக் கணக்கு பொருளற்றதாகிவிடும். ஆகையால் குழியைச் சுற்றி அரையடி உயர விளிம்பும், மேலே ஒரு கூரையும், கதவுக்கு உயர்ந்த நிலைப்படியும் இன்றியமையாதவை. பெருமழையில் மின்சாரம் நின்றுபோவது வழக்கம் என்பதால், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்க வேண்டும்.

வாசகர் தம் கடிதத்தின் முடிவில், தென்மேற்கு மூலையில் பள்ளம் ஆகாது என்று வாஸ்து பார்த்தவர் சொன்னதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். மண்ணுக்குத் திசை தெரியாது. அவருக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு இடங்களில் சோதனைக் குழி தோண்டியிருந்தால், அங்கே இருப்பது மணலா, களிமண்ணா, மொரம்பா, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பனவெல்லாம் கண்ணெதிரே தெரிந்திருக்கும். பாலாற்றங்கரை மணலும், மலையடிவாரத்து மொரம்பும், ஏரிப் பாசன நிலத்துக் களியும் சில கிலோமீட்டருக்குள் மாறிமாறி வரும் ஊர் இது. ஒவ்வொரு நகரத்துக்கும் தெருவாரியான மண் வரைபடம் தயாரித்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வதைப் பொதுப்பணம் செலவிடத் தக்க ஆராய்ச்சியாக நான் கருதுகிறேன். அது பளபளப்பான ஆராய்ச்சியன்று, ஆனால் பல வீடுகளைக் காக்கும்.

தோண்டும்போது இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தின் எதிர்ப்புறத்து வீட்டின் கடைக்கால் ஆழமில்லாததாக இருக்கக்கூடும். அதன் அடிவிளிம்பிலிருந்து 45 பாகையில் கீழ்நோக்கி ஒரு கோடு வரைந்தால், உங்கள் குழி அந்தக் கோட்டை வெட்டக் கூடாது; வெட்டுமானால் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் ஒரு கூடை மண்ணையும் எடுக்கக் கூடாது. சந்து உங்களுடைய பட்டாவில் அடங்குகிறதா என்பதையும், மாநகராட்சியின் அனுமதியையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். மொத்த நீளத்தையும் ஒரே நாளில் திறந்துவிடாமல், சிறுசிறு பகுதிகளாகத் தோண்டி, பலகையும் சவுக்குக் கம்பும் கொண்டு முட்டுக் கொடுத்தபடியே முன்னேற வேண்டும்.

வேலூருக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் ஓடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, வறண்டு கிடக்கும் ஆற்றை நம்பி நீர்மட்டத்தைக் கணிக்கக் கூடாது என்பது தெரியும். ஆகவே மாசியில் தோண்டத் தொடங்கி, ஆனி பிறப்பதற்குள் சுவரையும் ஜல்லியையும் குழாயையும் முடித்துவிடுவது நல்லது. ஜல்லியை மூடுவதற்கு முன் குழாயின் ஒரு முனையில் இரண்டு குடம் நீர் ஊற்றி, அது தொட்டியில் வந்து விழுகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். மேலே மண் போட்ட பிறகு அதைச் சரிசெய்வதற்கு மீண்டும் முழுக் குழியையும் தோண்ட வேண்டியிருக்கும்.