அட்டாமிக் என்பது அணு அல்ல, பகாச் செயல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: அட்டாமிக் ஆபரேஷனை ‘அணுச் செயல்பாடு’ என்று படித்துவிட்டு, ரொம்பச் சின்ன வேலை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிரேக்கத்தில் அட்டோமோஸ் என்றால் வெட்ட முடியாதது, அளவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நம் ‘அணு’வோ சிறுமையைச் சொல்கிறது. நன்னூல் இலக்கணத்தில் பகாப்பதம் (பிரிக்க முடியாத சொல்) உண்டு, கணக்கில் பகா எண் உண்டு, அதே வழியில் பகாச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தில் 41 இருக்கிறது. இரண்டு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஒன்று கூட்டி, திருப்பி எழுதினால் 43 வர வேண்டிய இடத்தில் 42 நின்றுவிடும். படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றுக்கும் நடுவில் யாரும் புக முடியாதபடி ஒன்றாக்கினால் அது பகாச் செயல். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 வகையில் கட்டளைக்கு முன்னால் ‘லாக்’ என்ற முன்னொட்டு போடுவார்கள்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஸ்பின்லாக், அதாவது சுழல்பூட்டு, இதன்மேல்தான் நிற்கிறது: ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் பூட்டை எடுக்கும், மற்றவை கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி முயலும். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் பூட்டு இருக்கும் கேஷ் வரியை (கோருக்குப் பக்கத்து வேக நினைவகத்தின் ஒரு துண்டு, பெரும்பாலும் 64 பைட்) தன் கோருக்கு மட்டும் என்று இழுத்துக்கொள்ளும், பத்துக் கோர்கள் விடாமல் முயன்றால் வரி அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போய்விடும். அதனால் முதலில் சும்மா படித்துப் பார்த்துக் காத்திரு, பூட்டு காலியானது தெரிந்தபின் மட்டும் பகாச் செயலைப் போடு என்பது பழைய சிக்கனம். லினக்ஸ் 2.6.25-இல் (2008) டிக்கெட் முறை வந்தது, நம்மூர் கிளினிக்கில் நம்பர் எடுப்பது மாதிரி, முந்தி வந்தவருக்கு முந்தி. நியாயம் கிடைத்தது, சரி, ஆனால் எல்லாக் கோர்களும் இன்னும் அதே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மெல்லர்-கிரம்மி, ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லேயே இதற்கு வழி சொல்லியிருந்தார்கள்: ஒவ்வொரு கோரும் தன் சொந்த இடத்தைப் பார்த்துக் காத்திருக்கட்டும், வரிசையில் முன்னால் இருப்பவர் வந்து சொல்வார். அந்த யோசனையை நாலே பைட்டுக்குள் அடக்கிய வரிசைப் பூட்டு 2015-இல் லினக்ஸ் 4.2-இல் சேர்ந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பூட்டைத் திறக்கும் இடம். பூட்டை வைத்திருப்பவர் ஒருவர்தானே, அவருக்கு யாரோடும் போட்டியில்லை. அதனால் எக்ஸ்86-இல், பூட்டியிருக்கிறது என்று காட்டும் ஒரு பைட்டில் சாதாரணமாகச் சுழியம் எழுதினால் போதும், அங்கே பகாச் செயலே வேண்டாம்.